வீடும் முன்றிலும்

மனை கட்டுவோரிடையே இந்நாளில் ஒரு புதிய விருப்பம் தோன்றியிருக்கின்றது. நேற்றுவரை மாடமும் தூணும் மெருகிட்ட தளமும் நிறைந்த மாளிகையை நாடிய செல்வர், இன்று பண்டங் குறைந்த எளிய வீட்டை நாடுகின்றனர். வெறுஞ்சுவர், ஒன்றிரண்டு இருக்கை, சுவரிருக்க வேண்டிய இடத்திற் கண்ணாடி, அக்கண்ணாடிக்கு அப்பால் ஒரு மரமும் சிறிது நீரும். இவையே அவ்வீட்டின் இலக்கணம். உள்ளிருந்தபடியே புறத்தைக் காணவேண்டும். இல்லமும் இயற்கையும் ஒன்றாதல் வேண்டும் என்பது அதன் கொள்கை. 'மினிமலிசம்' என்று ஆங்கிலத்தார் வழங்கும் இவ்வெளிமைக் கோட்பாடு கொழும்பின் புறநகர்களைக் கடந்து, புலம்பெயர்ந்த உறவினர் அனுப்பும் வரைபடங்களின் வழியே யாழ்ப்பாணத்திற்கும் வன்னிக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

இதே வேளையில் வீடு என்னும் சொல் வேறொரு பொருளிலும் நம் செய்தித்தாள்களை நிறைக்கின்றது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய டித்வாப் புயலின் வெள்ளமும் மண்சரிவும் இந்நாட்டில் 600க்கு மேற்பட்டோரின் உயிரைக் கொண்டன. ஆயிரக்கணக்கான வீடுகளைச் சிதைத்தன. எத்தனை வீடு, எத்தனை இலட்சம், எத்தனை சதுர அடி என்னும் வினாக்கள் மீண்டும் எழுந்துள்ளன. போர் முடிந்தபின், 2010ஆம் ஆண்டு தொட்டு வன்னியிற் பலகாலும் கேட்டுப் பழகிய வினாக்களே இவை.

இவ்விரு செய்திகளும் ஒன்றோடொன்று தொடர்பற்றவைபோலத் தோன்றும். முன்னையது செல்வர் தாமே தெரிந்துகொள்ளும் எளிமை. பின்னையது வறியோர்மேற் சுமத்தப்படும் எளிமை. ஆயினும் இரண்டும் ஓரிடத்திற் சந்திக்கின்றன. அவ்விடம், வீட்டிற்கும் வெளிக்கும் இடைப்பட்ட முன்றில். செல்வர் பெரும்பொருள் கொடுத்துத் தேடுவது அதனை. வறியோர்க்கு வீடு வகுப்போர் செலவைச் சுருக்க முற்படும்போது முதலிற் குறைக்க எண்ணுவதும் அதனையே. வீட்டை அளப்போர் சுவருக்குள் அடங்கிய இடத்தை மட்டுமே அளக்கின்றனர். நம் நாட்டு வெப்பத்தில் மனிதர் பெரும்பாலும் வாழ்வதோ சுவருக்கு வெளியே, நிழலுக்கு உள்ளே. இதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கணம் கற்ற மாணவர் 'முன்றில்' என்னும் சொல்லை நன்கறிவர். இல்லின் முன்னாகிய இடம் 'இல்முன்' எனப்படல் வேண்டும். அது முன்பின்னாக மாறி 'முன்றில்' என வழங்குதலின் இலக்கணப்போலி ஆயிற்று. வகுப்பில் நாம் இவ்வளவே கூறி அடுத்த உதாரணத்திற்குச் சென்றுவிடுகின்றோம். சற்றே நின்று நோக்கின் அச்சொல் இன்னொன்றையும் உணர்த்தும். அவ்விடம் சுவருக்குப் புறத்தே உள்ளது. கூரையும் அதற்கு இருத்தல் வேண்டுமென்பதில்லை. எனினும் அதன் பெயருக்குள்ளே 'இல்' இருக்கின்றது. இல்லத்தைச் சொல்லாது அவ்விடத்தைச் சொல்லுதல் இயலாது. அவ்வாறே, பழந்தமிழர் சாளரத்திற்கு இட்ட பெயர்களுள் ஒன்று 'காலதர்' என்பது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. நாம் இன்று வழங்கும் 'ஜன்னல்' போர்த்துக்கேயர் தந்த சொல். பெயர் மாறியதில் இழுக்கொன்றுமில்லை. ஆயின், காலதர் என்னும் பெயர் அதன் தொழிலையும் உடன்சொல்லிற்று. இன்று பலர் ஒரு சுவரில் ஜன்னலை வைத்து, எதிர்ச்சுவரை முற்றாக அடைத்துவிட்டுக் காற்று வரவில்லையென்று மின்விசிறி வாங்குகின்றனர். புகுந்த காற்று வெளியேற இடமில்லையேல் அது வழியாகுமா?

யான் வாழும் ஜெயபுரம், கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரிப் பிரதேசத்தைச் சேர்ந்த சிற்றூர். 1983ஆம் ஆண்டின் வன்செயலால் வீடிழந்து தெற்கிலிருந்து வந்தோர் குடியேறி வளர்ந்த ஊர் அது. ஆதலின், வீட்டின் முன்னிடத்திற்கு எங்கள் வட்டாரத்தில் ஒரு பெயரன்று, மூன்று பெயர்கள் வழங்குகின்றன. வன்னியின் பழைய குடிகள் அதனைத் திண்ணை என்பர். யாழ்ப்பாணத் தொடர்புடையோர் விறாந்தை என்பர், அது போர்த்துக்கேயம். மலையகத்து மரபில் வந்த முதியோர் 'இஸ்தோப்பு' என்பர். அஃது ஒல்லாந்தரின் வாயிற்றிண்ணைக்குரிய சொல், சிங்களத்தின் வழியாகத் தோட்டத்து மக்களின் நாவை அடைந்தது. சொற்பிறப்பு வேறு, கட்டடமும் வேறு. பயன் ஒன்றே.

இவற்றுள் இஸ்தோப்பே நம் சிந்தனைக்குப் பெரிதும் உரியது. தோட்டத்து லயத்தில் ஒரு குடும்பத்திற்கு அளிக்கப்பட்டது பத்தடிக்குப் பன்னிரண்டடி என்னும் அளவில் ஓர் அறை. அதற்குள் சமையல், உறக்கம், பிள்ளைப்பேறு, நோய், எல்லாம் நிகழ்தல் வேண்டும். அவ்வறையின் முன்னே கிடந்த ஒடுங்கிய இஸ்தோப்பே அக்குடும்பத்தின் வரவேற்பறையாகவும் பிள்ளைகளின் படிப்பறையாகவும் முதியோரின் படுக்கையாகவும் விளங்கிற்று. வீடு எத்துணைச் சிறிதோ, அத்துணைப் பெரிதாயிற்று முன்றிலின் பணி. வெளியோடு இயைந்த வாழ்வு செல்வர்க்கே உரிய சுவை என்று கருதுவோர் இதனை எண்ணிப்பார்த்தல் நன்று. அது வறியோரின் தேவையாக முன்னமே இருந்தது. செல்வரின் சுவையாகப் பின்னரே ஆயிற்று.

வன்னியின் பழைய மண்வீடும் இவ்வுண்மையையே காட்டும். உறங்குதற்கு ஒரு வீடு, சமைத்தற்கு ஓர் அடுக்களை, விருந்தினர்க்கும் வேலைக்கும் பக்கம் திறந்த ஒரு கொட்டில் எனத் தனித்தனியே அமைந்த சிறு கட்டடங்கள். இவற்றை இணைப்பது நடுவிலுள்ள முற்றம். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் முற்றம் வீட்டின் வயிற்றுள் இருந்தது. வன்னியிலோ வீடுகள் முற்றத்தைச் சூழ்ந்து நின்றன. கூரை உயர்ந்து எழுந்து, தாழ்வாரம் மனிதர் குனிந்து புகுமளவிற்கு இறங்கி நின்றது. இவ்வமைப்பை அறியாமை என்றோ வறுமை என்றோ மட்டும் ஒதுக்கிவிடலாகாது. அதனுள் கணக்கு ஒன்று உண்டு.

எங்கள் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்பது பாகைக்குச் சற்று மேலாக உள்ளது. ஆண்டில் இருமுறை, ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் இறுதியிலும், ஞாயிறு நண்பகலில் தலைக்கு நேரே நிற்கின்றது. எனவே நண்பகல் வெயிலை ஏற்பது கூரை. காலையும் மாலையும் சாய்ந்த வெயிலை ஏற்பவை கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும். கிடுகும் வைக்கோலும் தம்முள் காற்றைப் பொதிந்து வைத்திருத்தலின் வெப்பத்தை எளிதிற் கீழே விடா. தாழ்ந்த இறப்பு சாய்ந்த வெயிலைச் சுவரில் விழவொட்டாது. வைகாசி தொடங்கி வீசும் சோளகக் காற்றிற்குத் தென்மேற்குப் பக்கம் திறந்திருத்தல் வேண்டும். மாரியில் வடகிழக்கிலிருந்து வரும் மழைச்சாரலுக்கு அப்பக்கம் மறைந்திருத்தல் வேண்டும். இவையெல்லாம் எந்த ஏட்டிலும் எழுதப்படாமலே, கைப்பழக்கமாக வந்த கட்டடவியல்.

இது நிற்க. மேனாட்டில் தோன்றிய எளிமைக் கோட்பாட்டின் தலைசிறந்த சான்றாகப் போற்றப்படும் வீடு ஒன்று உண்டு. அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தில், பொக்ஸ் என்னும் ஆற்றங்கரையில், எடித் பான்ஸ்வேத் என்னும் மருத்துவருக்காக லுட்விக் மீஸ் வான் டெர் றோ என்னும் ஜேர்மானியக் கட்டடக் கலைஞர் அமைத்து, 1951ஆம் ஆண்டு முற்றுப்பெற்ற கண்ணாடி வீடு அது. நாற்புறமும் கண்ணாடி, உள்ளே சுவரென்று சொல்லத்தக்கது சிறிதே. குறைவே நிறைவு என்னும் கொள்கைக்கு அவ்வீடு ஓர் உரைகல். ஆயின் அதில் வாழ்ந்த அம்மையார் கோடையின் வெப்பத்தைப் பற்றியும், பிறர் கண்ணுக்கு மறைவிடம் இன்மையைப் பற்றியும் குறைகூறினார். செலவு பற்றிய வழக்கு நீதிமன்றம்வரை சென்றது. வெள்ளத்திற்கு அஞ்சித் தரையினின்று ஐந்தடிக்கு மேல் உயர்த்திய தளத்தையும் கடந்து 1954, 1996, 2008 ஆகிய ஆண்டுகளில் ஆறு உள்ளே புகுந்தது. இயற்கையைக் காட்சிப்பொருளாகக் கண்ட வீட்டிற்குள் இயற்கை தானே வந்து புகுந்த கதை அது. கலைச்சிறப்பை யான் மறுக்கவில்லை. குளிர்நாட்டில் வெயிலைத் தேடி உண்டான கண்ணாடிச் சுவரை, வெயிலுக்கு அஞ்சும் நாட்டில் அப்படியே நாட்டுதல் பொருந்தாதென்பதே யான் கூறுவது. வன்னியிற் கண்ணாடிச் சுவர் எழுப்புவோர் அதனைத் திரையால் மூடி, குளிரூட்டி பொருத்தி, ஈற்றில் மரத்தையும் காணாது காற்றையும் பெறாது இருப்பர்.

வேறு வழியில் இதே கொள்கையைக் கண்டோரும் உளர். யப்பானியர் வீட்டில் அறைக்கும் தோட்டத்திற்கும் இடையே, இறப்பின் கீழ், 'எங்காவா' என்னும் மரத்திண்ணை ஒன்று செல்லும். அது நம் திண்ணைக்கு உடன்பிறப்பு எனலாம். நம் நாட்டில், 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தின் இணை உறுப்பினராகிய முதல் இலங்கைப் பெண்மணி மினெற் டி சில்வா, கண்டியிற் கட்டிய வீடுகளிற் புதிய கட்டட முறையையும் உள்ளூர்க் கைவினையையும் இணைத்தார். ஜெப்ரி பாவா, எனா டி சில்வா என்னும் பத்திக் கலைஞருக்காக 1960களின் தொடக்கத்தில் கொழும்பிற் கட்டிய வீடு, நடுமுற்றத்தைச் சூழ்ந்து அமைந்தது. நெருங்கிய நகரத்தின் சிறு காணியில், தெருவுக்கு முதுகைக் காட்டி, வானத்திற்கு நெஞ்சைத் திறந்த வீடு அது. பிற்காலத்தில் அவ்வீட்டைக் கல்லுங் கதவுமாகப் பிரித்தெடுத்து, பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்தில் மீள எழுப்பினர். பாவா புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார் என்பதிலும், நம்மவர் பழையதென்று கைவிட்ட முற்றத்தை மீட்டுத் தந்தார் என்பதே பொருந்தும்.

இவை பொருளுடையோர் வீடுகள்தாமே என்று வினவலாம். அதற்கு விடையாக நிற்பவர் லோரி பேக்கர். 1917இல் இங்கிலாந்தின் பேர்மிங்காமிற் பிறந்து, இந்தியாவிற் குடிபுகுந்து, 2007இல் திருவனந்தபுரத்தில் மறைந்த இவர், ஐந்து மைல் சுற்றளவிற் கிடைக்கும் பொருளைக்கொண்டே வீடு கட்டல் வேண்டும் என்று காந்தியடிகள் தமக்குக் கூறியதை வாழ்நாள் முழுதும் கடைப்பிடித்தார். செங்கல்லைக் குத்துக்காக நிறுத்தி, இடையே வெற்றிடம் விட்டு அடுக்கும் முறையால் கல்லிற் காற்பங்கை மிச்சப்படுத்தினார்; அவ்வெற்றிடமே வெப்பத்தையும் தடுத்தது. விலைமிக்க ஜன்னல்களுக்குப் பதிலாகச் செங்கல்லை இடைவிட்டு அடுக்கிய வலைச்சுவரை அமைத்தார். அது காற்றை விட்டது, கண்ணை மறைத்தது, கள்வரைத் தடுத்தது. புதுச்சேரியை அடுத்த ஓரோவிலில் 1989இல் தொடங்கிய மண் கட்டட நிறுவனம், ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கு சீமெந்து கலந்து அழுத்திய மண்கற்களாற் கட்டும் முறையைப் பலர்க்கும் பயிற்றி வருகின்றது. எளிய வீடும் இயற்கையோடு இயைந்த வீடும் வறியோர்க்கும் இயலும் என்பதற்கு இவை சான்று.

ஆயின், 'பழைய மண்வீட்டிற்கே மீள்க' என்று உபதேசிப்பது எளிது, நேர்மையன்று. மண்சுவரைக் கறையான் அரிக்கும், மாரி கரைக்கும். ஆண்டுதோறும் கூரை வேய்தலும், கிழமைதோறும் தரை மெழுகுதலும் உழைப்பைக் கேட்பன. அவ்வுழைப்பிற் பெரும்பங்கு பெண்களுடையது என்பதைப் பழமையைப் போற்றும் ஆடவர் மறந்துவிடுதல் வழக்கம். போருக்குப் பின் தனியே குடும்பஞ் சுமக்கும் பெண்கள் மிக்க மண்ணில், மெழுகத் தேவையில்லாத சீமெந்துத் தளம் ஆடம்பரமன்று. அது ஒரு நாளின் மூன்று மணி நேரம்.

திண்ணையைப் பற்றியும் ஓருண்மையைச் சொல்லல் வேண்டும். நம் திண்ணைகள் எல்லோர்க்கும் திறந்திருந்தனவல்ல. திண்ணையில் அமர உரியார் இவர், முற்றத்தில் நிற்கவேண்டியார் இவர், படலைக்கப்பால் நின்றே பேசவேண்டியார் இவர் என்று சாதி ஒரு கோடு கிழித்திருந்தது. வழிப்போக்கர் இளைப்பாறக் கூரையிட்ட சங்கடப்படலையை அமைத்த அதே சமுதாயம், தன் வயலில் உழைத்தவனைத் திண்ணைக்குக் கீழே நிறுத்திற்று. ஆதலின் நாம் மீட்க வேண்டுவது திண்ணையின் நிழலை. அதன் வரிசை முறையை அன்று.

மூன்றாவது ஒன்றும் உண்டு. வெளியோடு இயைந்து வாழ்தல் இனிது என்பார், அவ்வெளி பகையாகாத நாட்டிற் பிறந்தோர். வன்னி மக்களோ 2008, 2009ஆம் ஆண்டுகளில் வெளியை எறிகணை விழும் இடமாக அறிந்தனர். நிலத்திற் பதுங்குகுழி வெட்டி, அதன் இருளையே வீடாகக் கொண்டனர். முகாம்களில் தறப்பாளின் கீழ் வாழ்ந்தபோது காற்றும் மழையும் வெயிலும் அழையாமலே உள்ளே வந்தன. மீண்டு வந்தபோது முற்றத்திற் கண்ணிவெடி இருக்குமோ என்று அஞ்சி அடிவைத்தனர். இத்தகையோர் நான்கு கற்சுவரையும் பூட்டுடைய ஒரு கதவையும் விரும்பியதில் வியப்பில்லை. அவர்க்கு மூடிய வீடே முதல் விடுதலை. வீடு என்னும் சொல் 'விடு' என்னும் அடியினின்று பிறந்து, பற்றுவிட்ட பேரின்ப நிலையையும் குறிக்கும் என்பர் இலக்கணிகள். அச்சத்தினின்று விடுபடுதலும் அதன் பொருள்களுள் ஒன்றாகக் கொள்ளத்தக்கதே. முன்றிலைத் திறந்து வைக்க, முதலில் வேலிக்கப்பால் உள்ளது அச்சந்தராததாதல் வேண்டும். நிற்கும் காணி தன்னது என்னும் உறுதி வேண்டும். உறுதி எழுத்தில்லாத காணியிற் பத்தாண்டு கழித்துக் காய்க்கும் மாமரத்தை எவர் நடுவார்?

இனி, போருக்குப் பின்வந்த வீட்டுத் திட்டங்களை இந்நோக்கிற் காண்போம். 2010இல் இந்திய அரசு இலங்கைக்கு 50,000 வீடுகளை அறிவித்தது. முதல் 1,000 வீடுகளை ஒப்பந்தக்காரர் கட்டி அளித்தனர். 2012ஆம் ஆண்டு ஒக்ரோபர் 2ஆம் நாள் தொடங்கிய அடுத்த கட்டத்தில் முறை மாறியது. வடக்கிலும் கிழக்கிலும் வீடொன்றிற்கு 550,000 ரூபா தவணை தவணையாகப் பயனாளியின் வங்கிக் கணக்கிற் சேர்ந்தது. அவரே மேசனை அமர்த்தி, பொருள் வாங்கித் தம் வீட்டைக் கட்டினார். ஏறத்தாழ 550 சதுர அடி அளவினது அவ்வீடு. பொருள்விலை ஏற்றத்தாலும், வீட்டைச் சற்றுப் பெரிதாக்கும் ஆசையாலும் பலர் கடன்பட்டனர் என்பது உண்மை. ஆயினும் வாசலை எத்திசை வைப்பது, குசினியை உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா, விறாந்தையை எவ்வளவு நீட்டுவது என்பவற்றில் வீட்டுக்காரருக்கு ஒரு சொல் இருந்தது. கண்டி வத்தப்புளுவவில் 1950களின் இறுதியில் வீட்டுத் திட்டம் ஒன்றை வகுத்த மினெற் டி சில்வா, வருங்காலக் குடியிருப்போரிடம் வினாக்கொத்து அளித்து அவர்தம் விருப்பத்தைக் கேட்டறிந்தபின்னரே வரைபடம் எழுதினார். அந்நெறியின் ஒரு கூறு இங்கும் தெரிகின்றது.

இதற்கு எதிர்மாறானது 2015, 2016ஆம் ஆண்டுகளில் அரசு முன்வைத்த 65,000 இரும்பு வீடுகளின் திட்டம். ஆர்செலர் மிட்டல் என்னும் பன்னாட்டு உருக்கு நிறுவனம், தொழிற்சாலையில் முன்னரே செய்த பகுதிகளைக் கொணர்ந்து பொருத்துவதாக இருந்தது. வீடொன்றின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. அதன் பாதிச் செலவிற் கல்வீடு கட்டலாமென்று எதிர்த்தோர் கணக்குக் காட்டினர். வன்னி வெயிலில் உருக்கு வீடு வெம்மை மிகும் என்றனர். விறகடுப்பிற்கு ஏற்ற புகைப்போக்கி இல்லை என்றனர். பழுதுபார்க்கவோ ஒரு பத்தி இறக்கவோ உள்ளூர் மேசனால் இயலாது என்றனர். பொறியியலாளரும் குடிமைச் சமூகத்தாரும் அரசியலாரும் சேர்ந்து எழுப்பிய எதிர்ப்பின் முன் அத்திட்டம் கைவிடப்பட்டது. அவ்விவாதம் பெரும்பாலும் விலையைப் பற்றியே நடந்தது. யான் அதில் முதன்மையாகக் கருதுவது 'பத்தி இறக்க இயலாது' என்னும் குற்றச்சாட்டை. மகள் மணமுடித்து வந்தால், பேரன் பிறந்தால், மாடு ஒன்று வாங்கினால், நம்மவர் வீட்டின் பக்கத்தே ஒரு பத்தி இறக்குவர். வீடு வளரும் பொருள். வளரமாட்டாத வீடு, எத்துணைப் புதியதாயினும், நீண்டகாலத்திற்கான கூடாரமே.

கூரையைப் பற்றியும் ஒரு சொல். ஓட்டின் விலைக்கும் மரத்தின் விலைக்கும் அஞ்சிப் பலர் அஸ்பெஸ்ரஸ் தகட்டை நாடுகின்றனர். அக்கனிமத்தின் எல்லா வகையும் புற்றுநோய் விளைக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. 2018 முதல் அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இலங்கை அரசு முடிவு செய்திருந்தது. அக்கனிமத்தைப் பெருமளவில் விற்கும் ரஷ்யா, 2017 டிசெம்பரில், பொதியொன்றில் வண்டு காணப்பட்டதென்று கூறி இலங்கைத் தேயிலையைத் தற்காலிகமாகத் தடைசெய்தது. அதனை அடுத்து நம் அரசு தன் கட்டுப்பாட்டை ஒத்திவைத்தது. தோட்டத்துத் தொழிலாளி கொய்த தேயிலையின் சந்தைக்காக, வறியோர் தலைக்குமேல் எக்கூரை நிற்பதென்பது தீர்மானமாயிற்று. வீட்டின் வடிவம் கட்டடக் கலைஞரின் மேசையில் மட்டும் வரையப்படுவதன்று என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமா?

இவற்றால் யாம் துணியத்தக்கவை சில. வீட்டு மானியத்தை வகுப்போர் முன்றிலை மிகையென்று எண்ணாது, சமையலறையைப் போன்று வீட்டின் இன்றியமையாத உறுப்பாக எண்ணல் வேண்டும். ஒருவர் கால்நீட்டிப் படுக்குமளவு அகன்ற விறாந்தை, எதிரெதிர்ச் சுவர்களிற் காலதர், வெப்பக்காற்று வெளியேறும் உயர்ந்த கூரை, சுவரை வெயிலினின்றும் சாரலினின்றும் காக்கும் நீண்ட இறப்பு, வெள்ளம் ஏறாத உயரத்தில் தளம் ஆகிய இவ்வைந்தும் மாளிகைக்கு உரியன அல்ல. 550 சதுர அடி வீட்டிற்கும் உரியன. அத்திவாரம் வெட்டும் நாளிலேயே மேற்குப் பக்கத்தில் ஒரு வேம்போ மாவோ நடப்படல் வேண்டும். வீடு பழையதாகும்போது நிழல் புதியதாகும். யாவற்றிற்கும் மேலாக, வீட்டிற் குடியிருக்கப் போகின்றவரை, குறிப்பாக அவ்வீட்டுப் பெண்களை, வரைபடம் எழுதும் முன் கேட்டறிதல் வேண்டும். புலம்பெயர்ந்த உறவினரும், ஆண்டில் இரு கிழமை வந்து தங்கும் தமக்கன்றி, ஆண்டு முழுதும் அங்கே வாழும் பெற்றோர்க்கு எவ்வீடு பொருந்தும் என்று எண்ணிப்பார்த்தல் நன்று.

ஆசிரியராகிய நமக்கும் இதில் ஒரு கடன் உண்டு. நெடுநல்வாடையில், மனை வகுக்கும் நூலறிந்தோர் இருகோல் நட்டு, நிழல் நோக்கித் திசை அறிந்தபின் அரண்மனைக்குக் கயிறிட்ட செய்தியை நக்கீரர் கூறுகின்றார். அப்பகுதிக்குப் பொருள்கூறி அமையாது, மாணவரைப் பள்ளி முற்றத்திற்கு அழைத்துச் சென்று ஒரு கோலை நடச் செய்வோம். காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் அதன் நிழல் விழும் இடத்தை அவர்கள் குறிக்கட்டும். பின்னர்த் தத்தம் வீட்டின் படத்தை வரைந்து, எச்சுவர் மாலையிற் சுடுகின்றது, எவ்வழி சோளகம் புகுகின்றது, வீட்டார் ஒரு நாளின் எத்தனை மணி நேரத்தை முன்றிலிற் கழிக்கின்றனர் என்று எழுதட்டும். நாளை வீடு கட்டுவோரும், வீட்டுத் திட்டம் வகுக்கும் அலுவலரும் அம்மாணவருள்ளிருந்தே வருவர். செலவு மிகுதியென்று வரைபடத்தில் முன்றிலின்மேல் ஒருவர் கோடு கிழிக்க முற்படும்போது, அது இல்லின் பகுதி என்று எடுத்துச்சொல்ல அவருள் ஒருவரேனும் இருப்பார்.